மூக்கு ஊத வேண்டாம்

அத்தியாயம் 11

வெந்நீர்ப் பானையும் கையுமாக வந்து நின்ற நாத்தனாரின் முகத்துக்கு நேரே மாயக்காள் கதவைச் சாத்தினாளே, அதற்கப்புறம் நாலு நாள் ஓடிவிட்டது. அந்த நாலு நாளும் பிள்ளையை அவளே குளிப்பாட்டினாள், அவளே துடைத்தாள், அவளே சாம்பிராணிப் புகை காட்டினாள். நாத்தனார் மூக்கம்மாள் கதவுக்கு வெளியே இருமிக்கொண்டே கிடந்தாள். ஒரே கூரைக்குக் கீழே இரண்டு பேரும் பேச்சில்லாமல் இருந்தார்கள்.

இன்றைக்கு அந்தக் கதவைத் திறந்தே ஆகவேண்டும். பிள்ளைக்கு முப்பதாம் நாள். தொட்டில் போட்டுப் பெயர் வைக்கிற நாள்.

மாயக்காளின் பயம் ஊருக்குத்தான் புரியவில்லை, நமக்குமா புரியாது? மூத்த பையன் இரண்டு வருஷத்துக்கு முந்திய கார்த்திகையில், நாற்பத்தோராம் நாள், நெஞ்சில் சளி கட்டி, விலாவெல்லாம் குழி விழ இழுத்து இழுத்துப் போய்ச் சேர்ந்தான். இதுவும் கார்த்திகை. அதே சாரல், அதே ஈரக்காற்று. யுத்தச் செய்தி கேட்கக் கம்பம் கடைத்தெருவுக்குப் போன ஆம்பிளைகள் செய்தியோடு சளியையும் கொண்டுவந்து அனுமந்தன்பட்டியில் இறக்கிவிட்டார்கள். வீட்டுக்கு ஒரு இருமல் கேட்கிறது.

பிரசவம் பார்த்த நர்ஸ் ஞானசெல்வி சொல்லிவிட்டுப் போனது அவளுக்கு மனப்பாடம். சளி பிடித்தவர்கள் பிள்ளையைத் தொடக்கூடாது, முகத்துக்குக் கிட்டே மூச்சு விடக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே, குளிப்பாட்டும்போது மூக்கு ஊதவே கூடாது.

அந்தக் கடைசிச் சொல்லில்தான் வந்தது வினை. இந்தப் பக்கத்தில் பிள்ளையைக் குளிப்பாட்டுகிறவள் காலை நீட்டி உட்கார்ந்து, கணுக்காலில் பிள்ளையைப் போட்டு, வெந்நீர் ஊற்றி முடித்ததும் குனிந்து அதன் மூக்கில் வாயை வைத்து ஊதுவாள். உள்ளே அடைத்திருப்பதெல்லாம் வெளியே வந்துவிடும் என்பது நம்பிக்கை. எல்லோருக்கும் அது கைவராது. மூக்கம்மாளுக்கு வரும். அவள் ஊதினால் பிள்ளை சிணுங்கக்கூடச் செய்யாது என்று தெருவே சொல்லும். புருஷனை இழந்து, பிள்ளையும் இல்லாமல், இருபத்திரண்டு வயதில் தம்பி வீட்டுக்குத் திரும்பி வந்தவளுக்கு ஊரில் கிடைத்த ஒரே பெருமை அதுதான். அதைத்தான் மாயக்காள் வேண்டாம் என்றாள்.

விடிந்தும் விடியாத வேளை. முப்பதாம் நாள் தலைமுழுக்குக்குத் தாய்க்காரி தெருக்கோடிக் கிணற்றுக்குப் போகவேண்டும். பக்கத்து வீட்டு மலையம்மாள் எண்ணெய்க் கிண்ணத்தோடு வாசலில் காத்திருந்தாள். மாயக்காளுக்குக் கால் எழவில்லை.

"இந்தாருங்க, நான் வர்ற வரைக்கும் பிள்ளையவிட்டு அங்கன இங்கன நகரக்கூடாது" என்று புருஷன் சுருளிவேலிடம் சொன்னாள். "யாரு வந்தாலும் உள்ள விடாதீக. மதினியா இருந்தாலுஞ் சரி."

"சரி சரி. நீ போ."

"சரி சரின்னா? வாயால சொல்லுங்க, விடமாட்டேன்னு."

"ஏ புள்ள, நான் என்ன சின்னப் பயலா? விடமாட்டேன். போதுமா?"

சுருளிவேல் நல்ல மனுஷன்தான். நாலு ஏக்கர் நஞ்சையை ஒற்றை ஆளாய்க் கட்டி மேய்க்கிறவன். ஆனால் வீட்டுக்குள் அவனுக்கு ஒரு குணம் உண்டு. அக்கா பேசினால் அக்கா பக்கம் தலையாட்டுவான், பெண்டாட்டி பேசினால் பெண்டாட்டி பக்கம் ஆட்டுவான். இரண்டு பேரும் சேர்ந்து பேசினால் மாட்டைப் பார்க்கப் போய்விடுவான்.

எண்ணெய் தேய்த்து, சீயக்காய் போட்டு, பன்னிரண்டு குடம் ஊற்றி மலையம்மாள் அவளை விடுவதற்குள் நன்றாக வெளுத்துவிட்டது. ஈரத்தலையோடு ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தாள். சுருளிவேல் கதவருகில் சொன்ன சொல் தவறாத காவல்காரனாக நின்றான். பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. ராத்திரியெல்லாம் மூக்கடைத்துக் கொர்கொர் என்று இழுத்துக்கொண்டிருந்தது இப்போது சத்தமில்லாமல் சீராக மூச்சு விட்டது.

"பாத்தீகளா, தானாவே சரியாப் போச்சு" என்றாள். கல்யாணமான ஆறு வருஷத்தில் முதல் தடவையாகப் புருஷனைப் பார்த்து மனசு நிறைந்து சிரித்தாள். அவன் மாட்டைப் பார்க்கப் போய்விட்டான்.

பத்து மணிக்குள் வீடு நிறைந்துவிட்டது. மாயக்காளின் அண்ணன் கர்ணன் ஓடைப்பட்டியிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்தான். மரத்தொட்டில், புதுச் சேலை, வசம்பு கோத்த வளையல், வாழைத்தார், ஒரு மூட்டை அரிசி. தாய்மாமன் சீரென்றால் இப்படி இருக்கவேண்டும் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

பார்த்தவர்கள் சீரோடு நின்றிருந்தால் தேவலை. ஒவ்வொருத்தியாக உள்ளறை வாசலுக்கு வந்து இரண்டு கையையும் நீட்டினாள். "கொடு ஆத்தா, ஒரு முத்தங் கொஞ்சிட்டுத் தாரேன்." இருமிய கை, மூக்கைத் துடைத்த முந்தானை, பொடி போட்ட விரல், எல்லாம் நீண்டன. மாயக்காள் பிள்ளையை மார்போடு சேர்த்துத் துண்டால் மூடிக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தாள்.

"அங்கன நின்னே பாருங்க சித்தி. தொட வேணாம்."

"ஏன், நான் என்ன தேளா கொட்டுறதுக்கு?"

"அதுக்கில்ல. சளி இருக்குல்ல உங்களுக்கு. பிள்ளைக்கு ஒட்டிக்கிரும்."

"சளி ஒட்டுமா? இது என்ன புதுசா இருக்கு? சளி தண்ணியில வர்றது, பனியில வர்றது. மனுசர்கிட்ட இருந்து வருதுன்னு யாரு சொன்னா?"

"நர்ஸம்மா சொன்னாக. இருமும்போது கண்ணுக்குத் தெரியாத கிருமி தெறிக்குமாம்."

"கண்ணுக்குத் தெரியாதுன்னா அது காத்துக்கருப்புல்ல. அதுக்குத்தான வாசல்ல வேப்பிலை சொருகியிருக்கு!"

இப்படி ஒரு பத்து தடவை. ஒருத்தியிடம் சொல்லி முடித்தால் அடுத்தவள் வந்து நின்றாள். மறுபடியும் முதலிலிருந்து. மாயக்காளுக்குத் தொண்டை வறண்டு, கண் எரிந்து, கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. இவர்களை நல்லவர்கள் இல்லை என்று சொல்ல முடியாது. பிள்ளையின் கன்னத்தில் திருஷ்டிப்பொட்டு இருக்கிறதா, அரணாக்கயிறு இருக்கிறதா, தலைமாட்டில் இரும்பு இருக்கிறதா என்று அத்தனையும் அக்கறையாக எட்டிப் பார்த்தார்கள். பார்த்துக்கொண்டே இருமினார்கள். எங்கே போய் முட்டிக்கொள்வது?

கொஞ்ச நேரத்தில் கூடத்தில் குசுகுசுப்பு கிளம்பியது. தொடாதே என்றால் இந்த ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான். உன் கண் கொள்ளிக்கண், என் பிள்ளை மேல் படக்கூடாது என்று அர்த்தம். சளிக்காகத்தான் சொல்கிறேன் என்று அவள் எத்தனை தடவை சொன்னாலும் அது சால்ஜாப்பாகத்தான் கேட்டது.

கர்ணன் காதில் அது விழுந்தது. உள்ளே வந்தான்.

"ஏத்தா, என்ன கூத்து பண்ணிக்கிட்டு இருக்க? வந்தவுக அத்தனை பேரும் மூஞ்சிய தூக்கிக்கிட்டு இருக்காக."

"அண்ணே, நீயாச்சும் நான் சொல்றதக் கேளு. மூத்தவன் எப்படிப் போனான்னு நீ பாத்தேல்ல?"

"அது அவன் விதி. அதுக்குன்னு ஊர்ப் பகையத் தேடுவியா?"

அவன் கூடத்துக்குப் போய், எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி, "ஒண்ணும் மனசுல வச்சுக்கிராதீக. மொதப் பிள்ளைய வாரிக் கொடுத்ததுல இருந்து தங்கச்சிக்குப் புத்தி ஒரு நிலையில இல்ல" என்று கைகூப்பினான். மாயக்காளுக்கு அழுகை வரவில்லை, பல்லைக் கடித்தாள். சண்டைக்கு வந்திருந்தால்கூடப் பொறுத்திருப்பாள். கூடப் பிறந்தவன் தனக்காக மன்னிப்புக் கேட்டதைத்தான் தாங்க முடியவில்லை.

நல்ல நேரம் வந்தது. உத்தரத்தில் தொட்டிலைக் கட்டினார்கள். பெயர் வைப்பது அத்தைக்காரியின் உரிமை. அத்தை பிள்ளையை மடியில் வாங்கி, அதன் காதோடு வாயை வைத்து மூன்று தடவை பெயரைச் சொல்வாள். அதுவரைக்கும் அந்தப் பெயர் அவள் மனசுக்குள்தான் இருக்கும். பெற்றவர்களுக்குக்கூடத் தெரியாது.

மூக்கம்மாள் வந்தாள். நாலு நாளாக அடைந்து கிடந்தவள் குளித்து, மடித்து வைத்திருந்த வெள்ளைச் சேலையை உடுத்தி, தலையைப் படிய வாரியிருந்தாள். முகத்தில் கோபம் இல்லை. இருமலை அடக்கி அடக்கிக் கண்ணில் நீர் கோத்திருந்தது. தொட்டிலுக்குக் கீழே சம்மணம் போட்டு உட்கார்ந்து மடியைத் தட்டினாள்.

"கொண்டா."

மாயக்காள் அசையவில்லை.

"கொண்டா ஆத்தா. நேரம் போகுதுல்ல."

சொல்லி முடிப்பதற்குள் அடக்கி வைத்த இருமல் பீறிட்டது. உள்ளங்கையால் வாயைப் பொத்தி, குலுங்கிக் குலுங்கி இருமினாள். அந்தக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு மறுபடியும் நீட்டினாள்.

"வேணாம் மதினி" என்றாள் மாயக்காள். "இருமல் நிக்கட்டும். பத்து நாள் கழிச்சு வச்சுக்கிருவோம். நீங்கதான் வைக்கணும். வேற யாரும் வைக்க வேணாம்."

கூடத்தில் இருந்தவர்கள் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தார்கள்.

"தொட்டில் அன்னைக்கு வைக்காத பேர, பத்து நாள் கழிச்சு வைக்கிறதா?" மூக்கம்மாள் நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள். "நேராச் சொல்லேன். பிள்ளை பெறாத முண்ட, எம் பிள்ளையத் தொடாதேன்னு சொல்லேன். நாலு நாளாக் கதவச் சாத்தினப்பவே எனக்குத் தெரியும்."

"சாமி சத்தியமா அது இல்ல மதினி! எங்க ஆத்தாளே இருமிக்கிட்டு வந்தாலும் இதத்தான் சொல்லுவேன்."

"ஒங்க ஆத்தா ஒன்னப் பெத்தவ. நான் யாரு? ஏலே தம்பி, நீ என்னடா சொல்ற?"

சுருளிவேல் மேலே பார்த்தான், கீழே பார்த்தான். "செத்த நேரந்தான... காதுல சொல்லிட்டு எந்திரிச்சிரப் போகுது அக்கா..." என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னான்.

மாயக்காளுக்கு அந்த நிமிஷம் வீடு மொத்தமும் எதிரியாகத் தெரிந்தது. ஒருத்தன்கூடவா இல்லை? ஒரு ஆள், ஒரே ஒரு ஆள், அவள் சொல்வதைக் காதில் வாங்கமாட்டானா?

"தரமாட்டேன்!" என்று கத்திவிட்டாள். "பேரே இல்லாம வளரட்டும். ஆனா வளரட்டும்!"

மூக்கம்மாள் எழுந்தாள். யாரையும் பார்க்கவில்லை. பின்வாசல் வழியாக மாட்டுக்கொட்டத்துக்குப் போய்விட்டாள். கர்ணன் தலையில் அடித்துக்கொண்டே பெயரில்லாத பிள்ளையை வாங்கித் தொட்டிலில் போட்டான். வந்தவர்கள் பந்தியில் உட்கார்ந்தார்கள், பாயசம் வரைக்கும் சாப்பிட்டார்கள், ஆனால் போகும்போது ஒருத்தர்கூட மாயக்காளிடம் சொல்லிக்கொண்டு போகவில்லை.

மூன்று மணி பஸ்ஸில் ஞானசெல்வி வந்து இறங்கினாள். உத்தமபாளையத்திலிருந்து மாதம் ஒரு தடவை பிரசவம் ஆன வீடுகளுக்கு வந்து பார்ப்பது அவள் வழக்கம். வாசலிலேயே செருப்பைக் கழற்றி, கை காலைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்தவளைப் பார்த்ததும் காலையிலிருந்து அடக்கி வைத்ததெல்லாம் மாயக்காளுக்கு உடைத்துக்கொண்டு வந்தது. முழுவதையும் கொட்டினாள். ஞானசெல்வி பிள்ளையின் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டாள், நகக்கண்ணைப் பார்த்தாள்.

"பிள்ளை நல்லா இருக்கு. நீங்க செஞ்சது சரிதான்" என்றாள்.

அந்த ஒரு சொல்லுக்காகத்தானே நாள் முழுக்க ஏங்கினாள். மாயக்காள் முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"என்ன சரி?"

பின்வாசல் நிலைப்படியில் மூக்கம்மாள் நின்றாள். சேலையில் வைக்கோல் ஒட்டியிருந்தது.

"நர்ஸம்மா, நீங்க படிச்சவுக. எனக்கு நியாயஞ் சொல்லுங்க. எம் மூச்சுல அப்படி என்ன வெசம் இருக்கு? நான் ஊதினாப் பிள்ளை செத்துருமா?"

"விஷம் இல்லம்மா. உங்களுக்கு இருக்கிற சளிதான். உங்களுக்கு அது வெறும் இருமல். நீங்க வளர்ந்த ஆளு, தாங்கிக்கிருவீங்க. இம்புட்டுப் பிள்ளைக்கு மூச்சுக்குழல் நெல்லுத்தாள் கனம்கூட இருக்காது. அதுல சளி இறங்கினா அடைச்சிரும். ஊதும்போது அது நேரா உள்ளதான் போகுது."

"அதெல்லாம் பொய்யி!" மூக்கம்மாள் ஜெயித்தவளாக முன்னே வந்தாள். "வெள்ளன இவ முழுகப் போனப்ப பிள்ளை மூக்கடைச்சு, பால் குடிக்கவும் மாட்டாம முனகிக்கிட்டு கெடந்துச்சு. எனக்கு மனசு கேக்கல. நாந்தான் போயி ஊதி விட்டேன். ரெண்டு ஊது. ஒடனே தூங்கிருச்சு. இப்ப நீங்களே நல்லா இருக்குன்னு சொன்னீகளா இல்லையா?"

மாயக்காள் மெதுவாகத் திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். அவன் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"நீங்க பாத்துக்கிட்டா நின்னீக?"

"அக்கா அழுதுச்சு..." என்றான் சுருளிவேல். "ஒரு நிமிசந்தான்னு சொல்லுச்சு..."

காலையிலிருந்து அவள் பட்ட பாடெல்லாம் கண்முன் வந்து நின்றது. சித்தியைப் பகைத்தது, அண்ணனிடம் பைத்தியக்காரிப் பட்டம் வாங்கியது, நாத்தனாரை நாலு பேர் நடுவில் அவமானப்படுத்தியது. அத்தனைக்கும் முன்னாலேயே எல்லாம் முடிந்துவிட்டிருந்தது. அதைத் தெரிந்துகொண்டே இந்த மனுஷன் நாள் முழுக்க வாயைத் திறக்காமல் வந்தவர்களுக்குப் பாயசம் ஊற்றிக்கொண்டிருந்தான். அவனை என்ன செய்தால் தகும் என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஞானசெல்விதான் முதலில் பேசினாள். "இன்னைக்கு ஒண்ணும் தெரியாதும்மா. ஒட்டியிருந்தா ரெண்டு நாள்ல இருந்து அஞ்சு நாளைக்குள்ள காட்டும். ஒட்டாமலும் போகலாம். மூச்சு வேகமா வாங்கினாலோ, விலா உள்ள இழுத்தாலோ, எந்த நேரமானாலும் வண்டியக் கட்டிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு வந்துருங்க. தாய்ப்பாலை மட்டும் நிப்பாட்டாதீங்க."

"விலாவா?" என்றாள் மூக்கம்மாள்.

அந்தச் சொல்லில் அவள் நின்றுவிட்டாள். முகத்திலிருந்த ஜெயித்த களை மெல்ல வடிந்தது. எதையோ கூட்டிப் பார்ப்பதுபோல உதடு அசைந்தது.

"மூத்தவனுக்கு இழுத்ததுக்கு முந்தின வாரம்... எனக்கும் இருமல் இருந்துச்சு. களத்துல நனைஞ்சு வந்து இருமுனேன். அந்த வாரம் பூராவும் நாந்தான் குளிப்பாட்டுனேன். தெனமும் ஊதுனேன்." நிமிர்ந்தாள். "மாயா. அப்ப அவனுக்கு... நானா?"

"அத இப்ப யாராலயும் சொல்ல முடியாதும்மா" என்றாள் ஞானசெல்வி அவசரமாக.

"நான் ஒங்களக் கேக்கல. அவளக் கேட்டேன். சொல்லு ஆத்தா."

நர்ஸ் முதல் தடவை விளக்கிச் சொன்ன அன்றிலிருந்து மாயக்காளின் தொண்டையில் 'ஆமாம்' என்ற சொல் முள்ளாய்க் குத்திக்கொண்டே இருந்தது. கதவைச் சாத்தியபோது அது கதவுக்கு இந்தப் பக்கம்தான் இருந்தது. இப்போது கேட்கவேண்டியவளே வந்து கேட்கிறாள். சொல்லிவிட்டால் ஆறும் என்று முப்பது நாளாக நினைத்திருந்தாள். வாயைத் திறந்தால் வேறொன்று வந்தது.

"நாந்தான மதினி தெனமும் அவனத் தூக்கியாந்து உங்க கால்ல போட்டேன். நல்லா ஊதி விடுங்கன்னு நாந்தான சொன்னேன்."

மூக்கம்மாள் சேலைத் தலைப்பை இழுத்து மூக்கையும் வாயையும் சேர்த்துப் பொத்திக்கொண்டாள்.

தொட்டிலில் பிள்ளை விழித்து வீறிட்டது. இரண்டு பேரும் ஒன்றாகத் தொட்டிலைப் பார்த்து நகர்ந்தார்கள். மூக்கம்மாள் இரண்டு எட்டு வைத்துவிட்டு அங்கேயே நின்றுவிட்டாள்.